ரஜுலா: ஒரு கப்பலும் தமிழர் பாடும்

பழவேற்காட்டு ஏரிநீர் சூழ்ந்த பசியாவரத்தில் படகு என்பது தொழிற்கருவி மட்டுமன்று. கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் மருத்துவரிடத்துக்கும் நெடுங்காலம் அதுவே வழியாக இருந்தது. அவ்வட்டாரத்து மீனவர் ஊர்களில் ‘பாடு’ என்றொரு சொல் வழங்குகிறது. ஏரியின் எந்த இடத்தில், எந்த நாளில், எவர் வலையிடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் மரபுக்கு அப்பெயர். அதே சொல்லுக்கு உழைப்பு என்றும் துன்பம் என்றும் பொருள் உண்டு. பங்கு, உழைப்பு, துன்பம் ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழியினர், இருபதாம் நூற்றாண்டில் கிழக்கு நோக்கிக் கடல் கடந்தபோது, இம்மூன்றையும் ஒரு கப்பலின் தளத்தில் ஒருங்கே கண்டனர். அக்கப்பலின் பெயர் ரஜுலா.

1926 முதல் 1973 வரை, உலகப்போர் குறுக்கிட்ட ஆண்டுகள் நீங்கலாக, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சென்றுவந்த கப்பல் அது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் முதிய தமிழர்க்கு அப்பெயரைச் சொன்னால் போதும், விளக்கம் வேண்டியதில்லை. கப்பல்களின் வரலாற்றை எழுதுவோர் நீளத்தையும் எடையையும் விரைவையும் முதலிற் குறிப்பது வழக்கம். ரஜுலாவின் வரலாறோ அதன் தளத்தில் பாய் விரித்தவர்களிடமிருந்து தொடங்க வேண்டுவது. அவர்களை நீக்கிப் பார்த்தால், நினைக்கத்தக்க சிறப்பு எதுவும் இல்லாத ஒரு சாதாரண நீராவிக் கப்பலே அது.

பழவேற்காட்டிலிருந்து நாகைக்கு

தமிழர்க்குக் கீழ்த்திசைக் கடல்வழி புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த பொருள்களுள் காழகத்திலிருந்து வந்தனவும் இருந்ததைப் பட்டினப்பாலை கூறும்; காழகம் என்பது கடாரமே என்பர் நச்சினார்க்கினியர். முதலாம் இராசேந்திரனின் கடற்படை சென்றதும் அத்திசையே. இவை யாவும் பெருமையுடன் பேசப்படுவன. ஆனால் அதே வழியில் பெருமைக்கு உரியதல்லாத பயணங்களும் நிகழ்ந்தன.

அதற்குச் சான்று பழவேற்காட்டுக் கரையிலேயே உண்டு. 1613இல் டச்சுக்காரர் அங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கரை வாணிகத்துக்கு அதுவே அவர்களின் தலைமையிடமாயிற்று. அங்கிருந்து கிழக்கே சென்ற கப்பல்களில் வண்ணத் துணிகள் மட்டும் ஏற்றப்படவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் பஞ்சக் காலங்களில் ஆயிரக்கணக்கான மக்கள் அடிமைகளாகப் பத்தேவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பப்பட்டனர். துணிக்குக் கணக்குப் புத்தகம் இருந்தது. மனிதர்க்கும் அதே புத்தகந்தான். பழவேற்காட்டில் டச்சுக்காரரின் கல்லறைகள் இன்றும் பேணப்படுகின்றன. கப்பலேற்றப்பட்டவர்களுக்கு அங்கே கல் இல்லை.

1690இல் டச்சுக்காரர் தம் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினர். பின்னர் ஆங்கிலேயர் கைக்கு நாகை வந்தது; 1825இல் பழவேற்காடும் வந்தது. நீராவிக் கப்பல்களின் காலம் தொடங்கியபோது, புதிய துறைமுகம் கட்டப்பெற்ற சென்னையும் பழைய துறையான நாகையும் மலேயாவுக்கு மக்களை அனுப்பும் இரு வாயில்களாயின. பழவேற்காட்டின் பாடு அவ்விடங்களுக்கு இடம் பெயர்ந்தது எனலாம்.

வ.உ.சி.யின் பகைவர் கப்பல்

ரஜுலா, பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்கு உரியது. இப்பெயர் தமிழர்க்கு வேறொரு காரணத்தால் நன்கு அறிமுகமானது. 1906 அக்டோபரில் வ.உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடத் தொடங்கின. அவற்றை வீழ்த்தக் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துப் போட்டியிட்டது இந்த ஆங்கிலக் கம்பெனியே. 1908 மார்ச்சில் சிதம்பரனார் கைதானார். 1911இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது.

சுதேசிக் கம்பெனி மறைந்து பதினைந்தாண்டுகளில், வென்ற கம்பெனி தமிழரை ஏற்றிச் செல்வதற்கென்றே ஒரு பெருங்கப்பலைக் கட்டியது. தமிழர்க்கெனத் தமிழர் நடத்திய கப்பல் நிலைத்திருக்குமாயின் கீழ்த்திசைப் பயணத்தின் கதையும் வேறாக இருந்திருக்குமோ என்ற கேள்விக்கு வரலாறு விடை சொல்லாது. ஒன்று மட்டும் தெளிவு: ரஜுலாவில் ஏறிய தமிழன், தான் எவ்வாறு பயணம் செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர்களுள் ஒருவனல்லன்.

1926

அக்கம்பெனியின் கப்பற்பெயர்கள் பெரும்பாலும் ‘ஆ’ என்னும் ஓசையில் முடியும் ஊர்ப்பெயர்கள். ராஜுலா என்பது குஜராத்தின் சௌராட்டிரப் பகுதியிலுள்ள ஓர் ஊர். தமிழர் நாவில் அது ரஜுலா ஆகி, ஒரு பெண்ணின் பெயர்போல் ஒலித்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பார்க்ளே கர்ல் நிறுவனத்தாரின் தளத்தில் 1926இல் அது கட்டப்பெற்றது. எடை ஏறத்தாழ 8,500 டன். அதன் இணைக்கப்பலாக ரோனா என்பதும் அதே ஆண்டில் இங்கிலாந்தில் கட்டப்பெற்றது.

ஆண்டு கருதத்தக்கது. ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டிருந்த காலம் அது. மலேயாவுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டு, கங்காணி முறை மேலோங்கியிருந்தது. தோட்டத்திலிருந்து உரிமத்துடன் வரும் கங்காணி தன் சொந்த ஊரிலும் அண்டை ஊர்களிலும் ஆள் சேர்ப்பான். தோட்ட முதலாளிகளிடம் தண்டிய நிதியிலிருந்து கப்பற் கட்டணம் செலுத்தப்படும். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கவைத்து, உடல்நிலை பார்த்துக் கப்பலேற்றுவர். அவ்வாறும் தம் செலவிலுமாக 1926 ஆம் ஓராண்டில் மட்டும் தென்னிந்தியாவிலிருந்து மலேயா சென்றோர் 1,50,000 பேருக்கும் மேல். ரஜுலா இவ்வெள்ளத்துக்கென வெட்டப்பட்ட வாய்க்கால்.

நாகையில் ஆழ்துறைமுகம் இல்லை. கப்பல் கரைக்கு எட்டாத் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். மூட்டைகளோடும் குழந்தைகளோடும் படகில் ஏறி, அலையில் எழுந்தும் தாழ்ந்தும் கப்பலின் ஓரத்தை அடைந்து, ஏணி பிடித்து ஏறவேண்டும். கடலையே பார்த்திராத உள்நாட்டு உழவர்க்கு இதுவே முதற் சோதனை. அவர்களைக் கொண்டுசேர்த்தவை கடலோர மக்கள் செலுத்திய படகுகள். மலேயாத் தமிழர் வரலாற்றில் இப்படகோட்டிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. அதை எவரும் எழுதியதில்லை.

பின்பு ஏறக்குறைய ஒரு வாரம் கடற்பயணம். பினாங்கு, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் சுவெட்டன்காம் துறை, சிங்கப்பூர் என்பது வரிசை. தோட்டத் தொழிலாளர் இறங்கியவுடன் விடுவிக்கப்படார். பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவு போன்ற இடங்களில் தொற்றுநோய்க் காவலில் வைக்கப்பட்ட பின்னரே தோட்டம் சேர்வர்.

தளமும் சட்டமும்

ரஜுலாவில் அறைகள் பெற்ற முதல், இரண்டாம் வகுப்புப் பயணிகள் தொடக்கத்தில் நூற்றுக்கும் குறைவு. தளப் பயணிகளாக ஏற்ற அது பெற்றிருந்த அனுமதியோ 5,000 பேருக்கும் மேல். தளப் பயணி என்பவர்க்குப் படுக்கை இல்லை; இடம் மட்டுமே உண்டு. ஒருவர்க்கு இத்தனை சதுர அடி, இத்தனை கன அடி என்று சட்டம் அளந்து தந்தது. அச்சட்டத்தின் பெயரிலேயே அவர்கள் பயணிகள் அல்லர், ‘சுதேசிப் பயணிகள்’. இரும்புத் தளத்தில் பாயை விரித்து, தலைமாட்டில் தகரப்பெட்டியை வைத்துக்கொண்டால் அதுவே வீடு. பக்கத்துப் பாய் பக்கத்து வீடு. ஊரில் தெருவால் பிரிக்கப்பட்டவர்கள் அங்கே ஒரு பாயளவு இடைவெளியில் கிடந்தனர். சாதி அங்கே அழிந்துவிடவில்லை. எனினும் கப்பல் ஆடும்போது எல்லார் வயிறும் ஒன்றாகவே புரண்டது.

இங்கே உலக வரலாற்றின் ஒரு செய்தியை இணைத்து நோக்குதல் தகும். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கி 1,500 பேர் இறந்தனர். எல்லார்க்கும் போதிய உயிர்காப்புப் படகுகள் இல்லாமை அப்பேரிழப்புக்கு ஒரு காரணம். அதன் விளைவாக 1914இலும், மீண்டும் 1929இலும், கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒப்பந்தங்கள் உருவாயின. கப்பலில் உள்ள ஒவ்வொருவர்க்கும் படகில் இடம் வேண்டும் என்பது அவற்றின் அடிப்படைக் கொள்கை. ஆயின் 1929ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒரு விலக்கையும் உடன் வைத்தது. படுக்கையற்ற பயணிகளைப் பெருந்தொகையாக ஏற்றும் சிறப்பு வாணிகக் கப்பல்களுக்கு முழு விதிகளையும் பொருத்த வேண்டியதில்லை. அவற்றுக்கெனத் தனி விதிகள் வகுத்துக்கொள்ளலாம் என்பதே அவ்விலக்கு. அவ்வாறு வகுக்கப்பட்டவை 1931ஆம் ஆண்டின் சிம்லா விதிகள். மக்கா செல்லும் புனிதப் பயணிகளும், மலேயா செல்லும் தமிழரும் அவ்விதிகளின் கீழ் வந்தனர்.

டைட்டானிக் கற்பித்த பாடம் உலகுக்கு முழுமையாகவும், தளப் பயணிக்குச் சற்றுக் குறைத்தும் வழங்கப்பட்டது. ரஜுலா மூழ்கவில்லை. அது அத்தனை ஆண்டுகள் அத்தனை பேரைப் பத்திரமாகக் கரைசேர்த்தது மாலுமிகளின் திறமைக்கும் கப்பலின் உறுதிக்கும் உரிய புகழ். விதிகளுக்கு அப்புகழில் பங்கில்லை. போருக்குப் பின்னர் ரஜுலாவின் தளத்துக்கான அனுமதித் தொகை 2,000க்கும் கீழே குறைக்கப்பட்டது. கப்பல் சிறுத்துவிடவில்லை, மனிதனுக்கு உரிய இடம் எவ்வளவு என்ற கணக்குத்தான் மாறிற்று. இரும்பில் எழுதப்பட்ட சமூக வரலாறு அது.

போகும் கப்பலும் வரும் கப்பலும்

ரஜுலா ஏற்றிச் சென்றதைப் போன்றே திருப்பியும் கொணர்ந்தது. 1930இல் உலகப் பொருளாதார மந்தம் ரப்பர் விலையைச் சாய்த்தது. அடுத்த சில ஆண்டுகளில் 1,00,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பால்மரத்தில் பால் வற்றவில்லை; சந்தையில் விலை வற்றியது. விலை ஏறினால் போகும் கப்பல் நிறையும். விலை இறங்கினால் வரும் கப்பல் நிறையும். தோட்டக்காரர் கூலியைக் குறைக்கவே, 1938 ஜூனில் இந்திய அரசு மலேயாவுக்கு உதவிக் கட்டணத்தில் தொழிலாளரை அனுப்புவதற்குத் தடை விதித்தது. கங்காணியின் காலம் அத்துடன் முடிந்தது.

அதன்பின் உலகப்போர். படைவீரரை ஏற்றும் பணிக்கு ரஜுலா எடுத்துக்கொள்ளப்பட்டது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் சப்பானியர் கையில் வீழ்ந்ததும், தாயகத்துக்கும் மலேயாத் தமிழர்க்கும் இடையே கடிதமும் பணமும் மனிதரும் செல்லும் வழி அடைபட்டது. கப்பல் இல்லாத கடல் சுவராகிவிடும் என்பதை அந்த மூன்றரை ஆண்டுகள் காட்டின. அச்சுவருக்கு அப்பால், சயாம்–பர்மா ரயில்பாதைக்கு ஆயிரமாயிரமாகத் தமிழ்த் தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டு, பசியாலும் காலராவாலும் மடிந்தனர். 1943 அக்டோபரில் அப்பாதை முடிந்தது. மறு மாதம் 26ஆம் நாள், அல்ஜீரியக் கரைக்கு அப்பால், அமெரிக்கப் படைவீரரை ஏற்றிச் சென்ற ரோனா என்னும் இணைக்கப்பலை, வானொலியால் இயக்கப்பட்ட ஜெர்மானியக் குண்டு தாக்கியது. 1,015 அமெரிக்க வீரர் உள்ளிட்ட 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கப்பற் பணியாளராக இருந்த இந்தியர் பலரும் அவர்களுள் அடங்குவர். அச்செய்தியை நெடுங்காலம் வெளியிடாதிருந்த அமெரிக்கா, 2000ஆம் ஆண்டில் நாடாளுமன்றத் தீர்மானத்தின் வழி தன் வீரரை நினைவுகூர்ந்தது. அக்கப்பலில் இறந்த இந்தியத் தொழிலாளரை இங்கே நினைப்பார் அரியர்.

உடன்பிறந்த கப்பல் கடலடியில் கிடக்க, ரஜுலா போர் கண்டு மீண்டு பழைய வழிக்குத் திரும்பியது. ஆனால் பயணிகள் மாறிவிட்டனர். 1953இல் மலேயாவில் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதிய தொழிலாளர் வரவை அடைத்தது. இனித் தளத்தில் இருந்தோர் ஊரைப் பார்த்துவரச் செல்லும் குடும்பத்தார், மணம் முடித்துக் கணவனிடம் செல்லும் பெண்கள், கணக்கப்பிள்ளைகள், வணிகர், ‘சபராளி’ என்று தம் ஊரில் அழைக்கப்பெற்ற தமிழ் முசுலிம்கள். அவர்களுள் பலர் சமய வேறுபாடின்றி நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டே கடலேறினர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் தர்காவின் பெயரால் எழுந்த நினைவிடங்கள் அந்நேர்ச்சையின் அடையாளங்கள்.

கப்பலேறிய மொழி

மனிதரோடு மொழியும் இக்கடல்வழியே சென்றது. 1924இல் கோலாலம்பூரில் தமிழ் நேசனும், 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசும் தோன்றின. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலேயாவுக்குக் கப்பலேறினார். சென்னை இதழ்களும் நூல்களும் மூட்டைகளாகச் சென்று தோட்டத்து லயங்களில் கைமாறிப் படிக்கப்பட்டன. 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. அதற்குத் தனிநாயகம் அடிகளாரின் அறிவும் உழைப்பும் காரணம் என்பது உண்மை. தமிழகத்துக்கு வெளியே முதலில் அம்மாநாடு கூடுவதற்கு ஒரு தமிழ் மண் அங்கே இருந்தது என்பதும் உண்மை. அம்மண்ணை உண்டாக்கியவர்கள் தளப் பயணிகள்.

இத்தனை இருந்தும், தமிழிலக்கியத்தில் கடற்பயணத்தின் பங்கு மிகச் சிறிதே. பாரதி பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக வருந்திப் பாடினார். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வெளிவந்து, போர்க்காலத் தென்கிழக்காசியாவைத் தமிழுக்குத் தந்தது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ தோட்டத் தமிழரின் பெருந்துயரை நாவலாக்கியது. தோட்டம் பாடப்பட்டது, தோணி பாடப்பட்டது, ரயில் எழுதப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அத்தனை பேரையும் சுமந்த கப்பலின் தளமோ, முதியவர்களின் பேச்சில் மட்டும் தங்கிற்று. புறப்பட்ட ஊரும் சேர்ந்த நாடும் எழுத்தில் இடம்பெற, இடையிலிருந்த ஒரு வாரம் விடுபட்டுப்போனது. தமிழகத்து உழவன் மலேயாத் தொழிலாளியாக மாறியது அந்த ஒரு வாரத்தில்தான்.

இறுதிப் பயணம்

1973இல், 47 வயது நிறைந்த ரஜுலாவை இந்தியக் கப்பற் கழகம் வாங்கியது. அந்தமானின் ஓர் ஊர்ப்பெயரால் அது ‘ரங்கத்’ ஆயிற்று. பெயர் மாறிய கப்பல் நெடுநாள் வாழவில்லை. 1974இல் பம்பாயில் உடைக்கப்பட்டது. கிளாஸ்கோவின் இரும்பு பம்பாயின் பழைய இரும்பாகி எங்கெங்கோ உருகிக் கலந்தது.

அதன் வழியில் அடுத்து ஓடிய கப்பலின் பெயர் சிதம்பரம். அப்பெயரைக் கேட்ட தமிழர் செவியில் தூத்துக்குடிச் சிதம்பரனாரின் நினைவு எழுந்திருப்பின் அது இயல்பே. பிரிட்டிஷ் கம்பெனியின் கொடி இறங்கி, இந்தியக் கொடி பறந்த கப்பல் தமிழரைச் சுமந்தது. ஆனால் 1985 பிப்ரவரியில் சென்னை நோக்கி வரும் வழியில் நடுக்கடலில் சிதம்பரம் தீப்பற்றியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அத்துடன் சென்னை–சிங்கப்பூர் பயணக் கப்பற் போக்குவரத்து முடிவுற்றது. வானூர்தி வென்றது. 2023 அக்டோபரில் நாகையிலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குப் பயணக் கப்பல் விடப்பட்டபோது, நெடுநாள் உறங்கிய துறை மீண்டும் கண் விழித்தது. ஆயினும் கிழக்கே செல்லும் வழி மூடியே கிடக்கிறது.

பாடுவார் கடன்

ரஜுலாவில் சென்றவர்களின் பெயர்கள் கம்பெனியின் ஏடுகளில் வரிசை எண்களாயின. அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று கிழக்கே பேராசிரியராகவும் அமைச்சராகவும் கவிஞராகவும் விளங்குகின்றனர். தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று அறியாதவரும் அவர்களுள் பலர். தளத்தில் பாய் விரித்துக் கிடந்த தலைமுறையில் எஞ்சியோர் இனி மிகச் சிலரே. அவர்களிடம் கேட்டு எழுத வேண்டியவை எத்தனையோ உள்ளன. கடல் நீரைக் குடத்தில் மொண்டு குளித்த நாள்கள், கப்பற் சோற்றின் சுவை, பாய்களுக்கிடையே மலர்ந்த நட்பு, கரை மறைந்த மாலையில் எவரோ எடுத்த பாட்டு ஆகிய இவற்றைச் சட்டமும் புள்ளிவிவரமும் பதிந்துவைக்கவில்லை.

பழவேற்காட்டு ஏரியில் பாடு கிடைத்தவர் தம் நாளில் வலையிடாவிட்டால் அந்நாள் அவர்க்கு மீள்வதில்லை. பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தார்க்கும் அவ்வாறான ஒரு முறை இப்போது வாய்த்துள்ளது. ‘பாடு’ என்பது பெயர்ச்சொல்லாக நின்று பங்கையும் உழைப்பையும் துன்பத்தையும் குறிக்கும். ஏவலாக நின்றால் கவிஞரை நோக்கிய கட்டளையாகும். ரஜுலாவின் தளத்திலிருந்து எழும் குரல் அச்சொல்லின் எல்லாப் பொருளிலும் ஒலிக்கிறது.